கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

ஒரு செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். எங்கள் வீதியில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிற பெண் வந்தாள். வழக்கமாக அவள் வருவது பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். "பெரீம்மா, என்ன சோலியா இருக்கறீங்க?" என்று வாசல் கேட்டிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டுதான் வருவாள். அன்றைக்குச் சத்தமே இல்லை. நைட்டியின் மேல் போட்டிருந்த துண்டுக்குள் எதையோ மறைத்துப் பிடித்துக்கொண்டு நேரே சமையலறைக்குள் வந்து நின்றாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"இதைப் பாருங்க பெரீம்மா. நானு இனி என்ன பண்ணட்டும்?"

துண்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது ஒரு கணக்கு நோட்டு. அவளுடைய பெண்ணுடையது. பத்தாம் வகுப்பு. வயது 15. கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். வேறொன்றும் இல்லை. 'ச' என்ற ஒரே எழுத்து. பேனாவில் ஒன்று, பென்சிலில் ஒன்று, பூ வைத்து ஒன்று, நிழல் போட்டு ஒன்று. பக்கத்தின் ஓரத்தில் ஒரு ஹார்ட்டின் படம் போட்டு, பிறகு அதைக் காகிதம் கிழிகிற அளவுக்கு அடித்து வைத்திருந்தது.

"எண்ணிப் பாத்தேனுங்க. நாப்பத்தொண்ணு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல வேளை, அடக்கிக்கொண்டேன். அவள் அழத் தயாராக நின்றாளே!

அடுத்த ஐந்து நிமிடத்தில் அவள் போட்ட திட்டத்தைக் கேளுங்கள். நாளையிலிருந்து டியூஷன் கிடையாது. ராத்திரி அப்பா வந்ததும் சொல்லிவிடுவது. காங்கேயத்திலிருக்கும் தாய்மாமனுக்குப் போன் போடுவது. அவர் வந்து பள்ளிக்கூடத்தில் 'ச' யாரென்று விசாரிப்பது. "அப்பறம் பேசாம பன்னண்டாவதோட நிறுத்தி, எங்கண்ணன் பையனுக்கே குடுத்தர்றேனுங்க. படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறா?" என்றாள். நாற்பத்தோரு 'ச' எங்கே, கல்யாண மண்டபம் எங்கே! அவள் பன்னிரண்டாவது முடிக்கிறபோதும் 18 நிறைந்திருக்காது; 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வயதில் கல்யாணம் செய்து வைப்பது குற்றம் என்பது அப்போது அவள் ஞாபகத்திலேயே இல்லை.

"உக்காரு கண்ணு. மொதல்ல தண்ணி குடி" என்றேன்.

தண்ணி என்று சொன்னதும் எனக்கு என் பழைய கதை ஞாபகம் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. அவளிடம் அன்றைக்கு முன்பாதியைத்தான் சொன்னேன். பின்பாதியைப் பிறகுதான் சொன்னேன். உங்களுக்கு இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

1974. எனக்கு 14 வயது. சூலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். எங்கள் வீட்டுக்குத் தினமும் பேப்பர் வரும். அந்த வீதியில் பேப்பர் வாங்குகிற வீடு எங்களுடையது ஒன்றுதான் என்பதால் சாயங்காலம் மில் சங்கு ஊதியதும் திண்ணை நிறைந்துவிடும். அப்படிப் படிக்க வருகிறவர்களில் ஒரு பையன். கோயமுத்தூரில் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, விளையாட்டுப் பக்கத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு தூண் ஓரமாக உட்காருவான். கட்டம் போட்ட ஒரே சட்டை. அவ்வளவுதான் அவனைப் பற்றி எனக்குத் தெரியும்! ஆனால் தினமும் நாலரை மணிக்கே அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து, மடிப்புக் கலையாமல் தூணோரம் வைக்கிற வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் அவன் உள்பக்கம் பார்த்து, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?" என்று கேட்டான். வீட்டில் அத்தனை பேர் இருக்க, நான் ஓடினேன். சொம்பு நிறையத் தண்ணீர். நிலைப்படி தாண்டும்போது கை நடுங்கியது. கொடுக்கப் போனவள் முழுச் சொம்பையும் அவன் காலில் கவிழ்த்துவிட்டேன்.

திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த எங்கள் ஆத்தா ஒரு நொடி யோசித்தாள். பிறகு வீதிக்கே கேட்கிற மாதிரி, "ஏனம்மிணி, மாப்பளைக்குக் கால் கழுவற நாள் இன்னும் வல்லியே! அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றாள்.

திண்ணை முழுக்கச் சிரிப்பு. அந்தப் பையனும் சிரித்தான். அவன் சிரித்தது பெரிதில்லை. என் அம்மாவும் உள்ளேயிருந்து வந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம், வீட்டுக்கு யார் வந்தாலும் "தண்ணி நம்ம அம்மிணி கொண்டாரட்டும்" என்பதுதான் வேடிக்கை. பையன் மறுவாரத்திலிருந்து பேப்பர் படிக்க வரவில்லை. ஆத்தா பாவம், அவள் மனதில் கள்ளமில்லை. சிரித்துப் பேசுகிறவள். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

இது முன்பாதி. கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்ணும் கொஞ்சம் சிரித்தாள், முகம் தெளிந்தது. "இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் யார்கிட்டயும் வாயத் தொறக்காதே. நோட்டை எடுத்த எடத்துலயே வெச்சுரு. நாளைக்கு அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி, நெய் ஊத்தி, அவகூட நீயும் உக்காந்து சாப்புடு. ஒண்ணும் கேக்காதே" என்று சொல்லி அனுப்பினேன்.

அரிசிம்பருப்புச் சாதத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். தட்டைப் பார்த்துக்கொண்டு பேசுகிறபோது கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. பதினைந்து வயதுக்கு அது பெரிய சௌகரியம். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போதும், துணி மடிக்கும்போதும் அப்படித்தான். "இங்க வா, உக்காரு, என் முகத்தைப் பாத்துச் சொல்லு" என்று ஆரம்பித்தால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. நீங்களும் நானும்கூடச் சொல்ல மாட்டோம்.

அவளை அனுப்பிவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணின் திரட்டிச் சீருக்கு நானும் போயிருந்தேன். மண்டபம் பிடித்து, ஃப்ளெக்ஸ் வைத்து, தாய்மாமன் வீட்டார் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்து இறக்கினார்கள். மைக்செட் பாட்டு பக்கத்து வீதிவரை கேட்டது. பட்டுப்புடவையும் நகையுமாக நடுவில் உட்கார்ந்திருந்த குழந்தை தலையே நிமிரவில்லை. உடம்பு வளர்ந்ததை ஊரைக் கூட்டிச் சொன்னோம். அதே குழந்தைக்கு, அதே வளர்ச்சியினால், மனசில் ஒன்று முளைத்தபோது நோட்டைத் துண்டுக்குள் மறைக்கிறோம். இரண்டும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கம்தானே, சகோதரிகளே?

டாக்டர்கள் சொல்வதும் அதுதான். மூளைக்குள் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது. அது பெண்ணுக்குச் சினைப்பையையும் பையனுக்கு விந்துச் சுரப்பிகளையும் வேலை செய்ய வைக்கிறது. ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் ரத்தத்தில் கூடுகின்றன. மாதவிலக்கு வருவதும் மீசை அரும்புவதும் இதனால். யாரோ ஒருவர் வகுப்புக்குள் நுழைந்தால் வயிற்றுக்குள் என்னவோ செய்வதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. ஆசை, பயம், பரபரப்பு இவற்றுக்கான மூளைப் பகுதிகள் இந்த வயதில் வேகமாக வேலை செய்கின்றன. 'கொஞ்சம் பொறு, யோசி' என்று சொல்லும் முன்பகுதியோ இருபத்தைந்து வயதுவாக்கில்தான் முழுசாக முதிர்கிறது. வண்டிக்கு என்ஜின் முதலில் வந்துவிட்டது, பிரேக் பின்னால் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உள்ளங்கை வியர்ப்பது, நாக்கு குழறுவது, காது சுடுவது எல்லாம் அட்ரினலின் செய்கிற வேலை. அதை நிறுத்தச் சொல்லி அதட்டுவதில் பயனில்லை; அதட்டினால் இன்னும் கூடும். ராத்திரி பதினோரு மணிக்கு விழித்திருந்தால் உடனே 'யார்கூடவோ பேசறா' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தூக்கம் வரவழைக்கிற மெலடோனின் இந்த வயதில் இரவில் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகவே சுரக்கிறது. அமெரிக்க உளவியலாளர் டாரதி டென்னோவ் 1979இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த மயக்கத்துக்கு 'லிமரன்ஸ்' என்று ஒரு பெயரே வைத்தார். வேண்டாமென்றாலும் அந்த நினைப்பே திரும்பத் திரும்ப வருவது, ஒரு சின்னப் பார்வைக்கும் ஆயிரம் அர்த்தம் தேடுவது, அந்த ஆள் எதிரில் வந்தால் அசடு வழிவது, இவையெல்லாம் அதன் அடையாளங்களாம். சொம்பைக் கவிழ்த்த எனக்குப் புத்தகம் படித்தா தெரிய வேண்டும்!

நம் முன்னோர்களுக்கும் இது தெரியாததில்லை. மகள் மெலிந்து வாடுவதைப் பார்த்த தாய், முருகன்தான் பிடித்திருக்கிறான் என்று வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துவதாகச் சங்கப் பாட்டுகளில் வரும். தோழிக்கு மட்டும் காரணம் தெரியும். அவள் உள்ளுக்குள் சிரிப்பாள். தாய் தப்பாகப் புரிந்துகொள்வது அத்தனை பழைய சங்கதி. நாம் இப்போது மருதமலைக்கு வேண்டிக்கொள்கிறோம், வித்தியாசம் அவ்வளவுதான். அந்தப் பாட்டுகளில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. பெண்ணின் ரகசியம் முதலில் தோழிக்கு, அவள் வழியாகச் செவிலித்தாய்க்கு, அவள் வழியாகப் பெற்ற தாய்க்கு என்று படிப்படியாகப் போகும். 'அறத்தொடு நிற்றல்' என்று அதற்குப் பெயர். அப்பாவும் அண்ணன்மாரும் கடைசியில்தான். இப்போது ஒற்றைப் பிள்ளை வீடுகளில் செவிலி ஏது, அக்கா ஏது? பெற்றவளே எல்லாமாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

மாமனுக்குப் போன் போட வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் கொங்குச் சீமையில் இந்த மாதிரிச் செய்தி ஆண்கள் காதுக்குப் போனால், பையன் யார் என்று கேட்பதற்கு முன்னால் எந்த ஆளுக என்று கேட்பார்கள். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் உண்மை. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலில், கூடப் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் என்ற பொறியியல் படித்த இளைஞரைக் கடத்திக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்துக்கும் அதற்கும் வெகு தூரம்தான். ஆனால் 'விசாரிச்சுப் பாக்கறோம்' என்று நாலு ஆண்கள் கிளம்பிவிட்டால், அந்தத் தூரத்தை நாம் அளந்து நிறுத்த முடியாது. ஒன்றும் அறியாத ஒரு பதினைந்து வயதுப் பையன் மாட்டிக்கொள்வான். அவனையும் ஒருத்தி பெற்றிருக்கிறாள்.

போலீஸுக்குப் போகலாம் என்று சிலர் கோபத்தில் கிளம்புவதுண்டு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாத எல்லாரும் குழந்தைகளே. பெண்ணும், அந்தப் பையனும். ஒரு வழக்கை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமில்லை என்று 2021 ஜனவரியில் தீர்ப்பிலேயே எழுதினார். இருந்தாலும் 18 என்ற எல்லை மாறவில்லை. கோபத்தில் கொடுத்த புகாரால் பெண்ணும் ஆஸ்பத்திரிப் பரிசோதனை, கோர்ட் வாசல் என்று அலைய வேண்டிவரும்.

வியாழக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் பெண் மறுபடி வந்தாள். இந்த முறை வாசலிலிருந்தே குரல் கேட்டது. அப்போதே நிம்மதி.

நடந்தது இதுதான். இரண்டாவது கரண்டி சாதம் போடும்போது பெண்ணே, "அம்மா, நானு வேற ஸ்கூலுக்குப் போகட்டுங்களா?" என்று ஆரம்பித்திருக்கிறாள். ஏன் என்றால் அழுகை. கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்த கதையைக் கேளுங்கள். அந்த 'ச' பையன் ஒரு நாள் திரும்பி, "காம்பஸ் இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். இவளுக்கு நெஞ்சு படபடத்து, வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டது. "இந்தாங்க... வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டாள்!

கூடப் படிக்கிற பையனுக்கு 'ங்க'! நம் வீடுகளில் பால்காரருக்கும் 'ங்க', பேரனுக்கும் 'ங்க'. அந்த இங்கிலீஷ் மீடியம் வகுப்பிலோ எல்லாரும் வாடா போடாதான். கல்யாணமான பொம்பளை புருஷனிடம் பேசுகிற மாதிரி இருந்ததாம்! பின்பெஞ்சு மொத்தமும் சிரித்துவிட்டது. அன்றிலிருந்து ரப்பர் கொடுத்தாலும் சரி, தண்ணீர் பாட்டில் நகர்த்தினாலும் சரி, "இந்தாங்க, வச்சுக்குங்க" என்று ஒரு பாட்டு. அந்தப் பையன் இவள் பக்கம் திரும்புவதே இல்லை. நோட்டில் ஹார்ட்டைக் காகிதம் கிழிய அடித்தது அன்றைக்குத்தான்.

"நானு என்னென்னமோ நெனச்சு வெசனப்பட்டுட்டு இருந்தேனுங்க பெரீம்மா. கடசீல பாத்தா ஒரு 'ங்க'!" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் ஓடிப்போய்விடுவாள் என்று தாய் பயந்துகொண்டிருந்த அதே நாட்களில், மகள் காலையில் யூனிபார்ம் போடவே பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"நீ சிரிச்சியா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. சிரிப்பு வந்துச்சு. நீங்க சொன்ன சொம்பு ஞாபகம் வந்துருச்சு. அடக்கிட்டேன்."

அப்போதுதான் அவளுக்குப் பின்பாதியைச் சொன்னேன்.

சொம்பு கவிழ்ந்ததற்கு அடுத்த வருஷம், மாரியம்மன் நோம்பிக்கு உறவில் பெரியவர் ஒருவர் வந்து நாலு நாள் தங்கினார். எல்லாரும் மரியாதையாக எழுந்து நிற்கிற மனிதர். பாடம் சொல்லித் தருகிறேன் என்று பக்கத்தில் உட்காரவைத்தார். கை போகக் கூடாத இடத்துக்குப் போனது. ஒரு முறை இல்லை. எனக்கு 15 வயது. அம்மா அடுப்படியில் கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம், பத்தடி தூரம். போய் நிலைப்படியில் நின்றேன். அம்மா திரும்பிப் பார்த்து, "என்ன அம்மிணி, தண்ணியா?" என்று சிரித்தாள். நான் பேசாமல் திரும்பிவிட்டேன்.

ஒன்றுமில்லாத விஷயத்துக்கே வருஷம் பூராவும் சிரித்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது. அம்மா 2003இல் போய்ச் சேர்ந்தாள். கடைசிவரை அவளுக்குத் தெரியாது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

இதனால்தான் சொல்கிறேன். சமவயதுப் பிள்ளை மேல் வருகிற மயக்கம் பெரும்பாலும் வந்த வழியே போய்விடும். அந்த வாரம் நீங்கள் என்ன முகம் காட்டினீர்கள் என்பதை மட்டும் அவள் மறக்க மாட்டாள். எதைப் பார்த்தால் உண்மையாகவே எழுந்து நிற்க வேண்டும் என்கிறீர்களா? எதிர்ப்பக்கம் இருப்பவர் பெரிய ஆளாக இருந்தால். டியூஷன் சாராகட்டும், வேன் டிரைவராகட்டும், சொந்தக்காரராகட்டும். 'யார்கிட்டயும் சொல்லாதே' என்று ஒருவர் பிள்ளையிடம் சொல்லியிருந்தால். போட்டோ கேட்டால், பணம் கேட்டால். அதற்கெல்லாம் 'மயக்கம்' என்று பெயரில்லை; குழந்தைகளுக்கான 1098 எண்ணைத் தயங்காமல் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் கெட்டு, மார்க் சரிந்து, 'நான் இல்லாம இருந்தா நல்லாருக்கும்' என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் மனநல டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே அந்தப் பிரிவு உண்டு. 104க்குப் போன் செய்தாலும் ஆலோசனை சொல்வார்கள்.

போனை ஒளிந்து பார்ப்பதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். என் அபிப்பிராயம், வேண்டாம். ஒருமுறை பிடிபட்டால் அப்புறம் வேறு பூட்டுப் போட்டுக்கொள்வார்கள். அதற்குப் பதில், எழுதியதை ஒருத்தி படம் பிடித்து நாற்பது பேருக்கு அனுப்பலாம், அனுப்பின போட்டோவைத் திரும்ப வாங்க முடியாது என்கிற இரண்டு விஷயத்தைச் சண்டை இல்லாத ஒரு நாளில் சொல்லி வையுங்கள். எங்கள் காலத்துக் கடுதாசி அடுப்பில் போட்டால் சாம்பல். இப்போது அந்த வசதி இல்லை.

பையனைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பையன்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை என்று நினைக்காதீர்கள். பாலு மகேந்திரா 1979இல் எடுத்த 'அழியாத கோலங்கள்' முழுக்க மூன்று பையன்களின் தவிப்புத்தானே! புதிதாக வந்த டீச்சராக ஷோபா நடித்திருப்பார். பெண் அழுதாலாவது கேட்க ஆள் உண்டு. பையன் அழுதால் 'பொட்டச்சி மாதிரி' என்று அதற்கும் ஒரு கேலி. காம்பஸ் கேட்ட பையனும் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டானோ என்னவோ! '96' படம் 2018இல் வந்தபோது, வாயைத் திறக்கவே முடியாமல் திணறும் அந்தப் பள்ளிக்கூட ராமைப் பார்த்து இதே பக்கத்து வீட்டுப் பெண் இரண்டு கர்ச்சீப் நனைத்தவள். அதை ஞாபகப்படுத்தினேன். "அது சினிமாங்க பெரீம்மா" என்றாள்!

டியூஷன் நிற்கவில்லை. மாமனுக்குப் போனும் போகவில்லை. அப்பாவிடம், "வகுப்புல கிண்டல் பண்றாங்களாம், நானு மிஸ்கிட்டப் பேசிக்கறேன்" என்று மட்டும் சொன்னாளாம். பொய்யில்லை அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணே ஒரு டப்பாவில் ஒப்பிட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கீரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பாட்டி, நீங்க நெசமாவே சொம்புத் தண்ணிய அவரு கால்ல ஊத்தீட்டீங்களா?"

"ஊத்துனேன் கண்ணு. ஒரு சொட்டு மிச்சமில்லாம."

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும்தான். ஐம்பது வருஷத்தில் அந்தச் சொம்பை நினைத்து நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

"அப்பறம் அவரு என்னானாருங்க?"

"ஆருக்குத் தெரியும்? பேர்கூட எனக்கு மறந்துபோச்சு."

நம்பாமல் என்னைப் பார்த்தாள். ஒரு பிடி கீரையை எடுத்து அவளும் ஆயத் தொடங்கினாள். இரண்டு தண்டு கிள்ளியிருப்பாள்.

"அந்தக் காம்பஸை இன்னும் திருப்பித் தரலீங்க, பாட்டி. கேக்கவும் ஒரு மாதிரியா இருக்குது. நாளைக்கு ஜியோமெட்ரி டெஸ்ட்டு."

அவளுடைய அம்மாவுக்குப் போன் போட்டு, கடைக்குப் போகும்போது ஒரு காம்பஸ் வாங்கி வரச் சொன்னேன்.